மணி அடித்தால் யார் எழுந்து போவது? எஸ்.பி.சி. மென்பொருளில் ஓர் அளவை அமைக்கும் வழிகாட்டி

எஸ்.பி.சி. (புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாடு) மென்பொருளில் புதிதாக ஓர் அளவைச் சேர்க்கப் போனால் நீளமாக ஒரு படிவம் திறக்கும். பெயர், அலகு, தசம இடங்கள், குறி அளவு, மேல் ஸ்பெக், கீழ் ஸ்பெக், சப்குரூப் எண்ணிக்கை, சார்ட் வகை, வரம்பைக் கணக்கிடும் முறை, எச்சரிக்கை விதிகள் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். பலரும் பெயரையும் ஸ்பெக்கையும் நிரப்புவார்கள். மற்றதெல்லாம் மென்பொருள் போட்டுக் கொடுத்தபடியே இருக்கட்டும் என்று சேமித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குறை எழும்: "சார்ட் நல்லாத்தான் இருக்கு சார், பீஸ்தான் ரிஜெக்ட் ஆகுது." அல்லது நேர் எதிராக, திரை நாள் முழுக்கச் சிவப்பாக எரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு நோய்க்கும் மூலம் அந்தப் படிவம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன தேர்வுகள் உண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்பதை மதுரை வட்டாரத்தின் மூன்று தொழில்களை வைத்து இங்கே பார்ப்போம்: நூற்பாலை, ரப்பர் மோல்டிங், அப்பளப் பொட்டலம். எல்லாக் கட்டத்துக்கும் உரைகல் ஒன்றுதான். இந்த அமைப்பால் எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்து போகிறவர் யார், போய் அவர் எதைத் தொடுவார்? பதில் இருந்தால் அமைப்பு சரி. பதில் இல்லையென்றால் அந்த மணி வேண்டாம்.

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து மேலதிகாரிக்குக் கொடுத்தது 1924 மே 16 அன்று. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைப்பின் பேரில் 1947-48-இல் அவரே இந்தியாவுக்கு வந்து போனார். நூற்பாலைகளுக்கான ஆய்வு மையமாகக் கோவையில் சிட்ரா 1956-இல் தொடங்கியது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமத்தின் கிளைகளில் ஒன்றான சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. இன்று வாகன உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறையிடம்கூட வாங்குகிறவர் மிஷினின் திறனைக் காட்டும் சிபிகே எண்ணைக் கேட்கிறார். மென்பொருள் அந்த எண்ணைத் தந்துவிடும். அதை நம்பலாமா என்பது படிவத்தை நிரப்பியவரைப் பொறுத்தது.

எதைப் பதிவது: எடையா, கவுண்ட்டா?

நூற்பாலை லேபில் நூலின் கவுண்ட் எடுக்கும் இடத்துக்குப் போவோம். ராப் ரீலில் 120 கெஜம் சுற்றினால் ஒரு லீ. அதைத் தராசில் வைத்து எடை பார்த்து, 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் ஆங்கிலக் கவுண்ட் வரும். 1.62 கிராம் என்றால் 40-ஆம் நம்பர் நூல். எடை கூடினால் கவுண்ட் குறையும், எடை குறைந்தால் கவுண்ட் கூடும்.

கார்டிங்கிலும் டிராயிங்கிலும் ஸ்லைவரை எடையாகவே பேசுவார்கள். ஸ்பின்னிங்குக்கு வந்தால் பேச்சு கவுண்ட்டுக்கு மாறிவிடும். "அண்ணே, ஏழாம் நம்பர் மிஷின் ஏறிருச்சு" என்று லேபிலிருந்து போன் வந்தால், "ஏறிருச்சுன்னா கனமாயிருச்சா, மெலிஞ்சிருச்சா?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்காமல் பினியனை மாற்றினால் தவறு இரட்டிப்பாகும்.

இங்கே மூன்று தேர்வுகள் உண்டு. எடையை மட்டும் பதியலாம். கவுண்ட்டைக் கையால் கணக்கிட்டுப் பதியலாம். எடையைப் பதிந்து, கவுண்ட்டை மென்பொருளே கணக்கிடும்படி இன்னொரு அளவாக வைக்கலாம். மூன்றாவதுதான் நல்லது. தராசு சொன்னது அப்படியே பதிவில் நிற்கும்; கைக்கணக்குப் பிழை நுழையாது; விற்பனைக்குக் கவுண்ட்டும் கிடைக்கும். சார்ட்டின் தலைப்பிலேயே "மேலே போனால் மெலிவு" என்று எழுதி வையுங்கள். எழுத ஒரு வரி, மிச்சமாவது பல தவறுகள்.

கூடவே காற்றின் ஈரப்பதத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். துணி, நூல் சோதனைக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் நிலை 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம். சித்திரை வெயிலில் லேபின் ஏ.சி. சரியாக ஓடாமல் நூலிலிருக்கும் ஈரம் 8.5 சதவீதத்திலிருந்து 6-க்கு இறங்கியது என்று வையுங்கள். அதே 40-ஆம் நம்பர் நூல் 40.9 என்று காட்டும். மிஷினில் ஒன்றும் ஆகியிருக்காது. ஈரப்பதம் பக்கத்திலேயே பதிவாகியிருந்தால் ஃபிட்டர் பினியனைத் தேடிப் போக மாட்டார், லேபின் கதவை மூடச் சொல்வார்.

தசம இடம்: சின்னக் கட்டம், பெரிய வினை

இரண்டு தசமம் காட்டும் தராசில் 40-ஆம் நம்பர் நூலை நிறுத்தால் 1.61, 1.62, 1.63 என்று வரும். கவுண்ட்டில் அது 40.25, 40.00, 39.75. ஒரு படிக்குக் கால் கவுண்ட். இது சமாளிக்கக் கூடியது. அதே தராசில் 80-ஆம் நம்பரை நிறுத்தால் 0.80, 0.81, 0.82 என்று வரும். கவுண்ட்டில் 81, 80, 79. ஒரு படிக்கு ஒரு முழுக் கவுண்ட். சார்ட் மாடிப்படி போல ஏறி இறங்கும். ரேஞ்ச் சார்ட்டில் நாலைந்து எண்களே திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தால் கருவியின் நுணுக்கம் போதவில்லை என்று அர்த்தம். மென்பொருளில் தசமத்தைக் கூட்டிப் பயனில்லை. மூன்று தசமம் காட்டும் தராசு வாங்க வேண்டும்.

அளவின் ஒரு படி, அந்த அளவின் இயல்பான சிதறலில் (ஒரு சிக்மாவில்) பத்தில் ஒன்றாக இருந்தால் நல்லது, ஒரு சிக்மாவையே தாண்டினால் சார்ட் செல்லாது. ரப்பரில் ஷோர் ஏ கடினம் முழு எண்ணாகத்தான் படிக்கப்படுகிறது. ஸ்பெக் 60-க்கு மேலும் கீழும் 5 என்றால், கையில் இருப்பது மொத்தமே 11 எண்கள். அங்கே சார்ட்டிடம் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது. கருவியாலும் அளப்பவராலும் வரும் வேறுபாட்டைச் சோதிக்கும் கேஜ் ஆர்.&ஆர். ஆய்வை முதலில் முடித்துவிடுங்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 30-ஐத் தாண்டினால் கருவியை முதலில் கவனியுங்கள்.

அப்பளத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் பக்கம் 200 கிராம் பாக்கெட் கட்டுகிறவர் தராசைப் பார்த்து ஓர் அப்பளம் வைப்பார் அல்லது எடுப்பார். ஓர் அப்பளம் 6 கிராம் என்றால் பாக்கெட் எடை 6 கிராம் படியாகத்தான் நகரும். கிராமில் தசமம் காட்டும் தராசு வாங்கினாலும் படியின் உயரம் ஓர் அப்பளத்தின் எடைதான். இங்கே எடை சார்ட்டோடு நின்றுவிடாமல், தேய்த்த அப்பளத்தின் கனத்தையும் விட்டத்தையும் தனி அளவாகக் கண்காணித்தால்தான் பயன்.

சப்குரூப்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கட்டம்

மென்பொருள் "சப்குரூப் அளவு?" என்று ஓர் எண் கேட்கும், நாமும் 5 என்று போட்டுவிடுவோம். எந்த ஐந்து என்று அது கேட்பதில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு குழுவுக்குள் இருக்கும் வேறுபாட்டை வைத்துத்தான் வரம்புக் கோடு போடப்படுகிறது. ஆகவே குழுவுக்குள் இருக்க வேண்டியது தற்செயலான சிதறல் மட்டுமே. நாம் பிடிக்க நினைக்கும் மாற்றம் குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் தெரிய வேண்டும்.

ரப்பர் மோல்டிங்கில் இது எப்படித் தவறும் என்று பார்ப்போம். எட்டுக் குழி உள்ள ஒரு மோல்டு. ஒவ்வொரு ஷாட்டிலும் ஐந்து குழியின் பீஸை எடுத்து விட்டம் அளந்து ஒரு குழுவாகப் பதிகிறார்கள். குழிகள் வெட்டும்போதே ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம், அது நாளுக்கு நாள் மாறாது. அதனால் குழுவின் ரேஞ்ச் சராசரியாக 0.20 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பீஸ் குழுவுக்கு ரேஞ்சைப் பெருக்கும் மாறிலி 0.577. வரம்பு நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் 0.115 மி.மீ. ஆனால் ஷாட்டுக்கு ஷாட் சராசரியில் வரும் உண்மையான சிதறல் வெறும் 0.02 மி.மீ. சிக்மா. புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டு அழகாகப் போகும். மோல்டின் சூடு இறங்கி சராசரி 0.10 மி.மீ. நகர்ந்தாலும் பெரும்பாலான புள்ளிகள் கோட்டுக்குள்ளேயே நிற்கும். "சார்ட் நல்லாத்தான் இருக்கு" என்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான்.

மாற்று வழிகள் இரண்டு:

- ஒரே குழியின் அடுத்தடுத்த ஐந்து ஷாட்டை ஒரு குழுவாக வைப்பது. வரம்பு சரியாக இறுகும். ஆனால் எட்டுக் குழிக்கு எட்டு சார்ட் வேண்டும்.
- ஒரு ஷாட்டின் சராசரியை ஒற்றை எண்ணாக எடுத்து ஐ–எம்.ஆர். சார்ட்டில் போட்டு, குழிகளுக்கு இடையிலான ரேஞ்சைத் தனி சார்ட்டில் வைப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் வரம்பு 0.06 மி.மீ. ஆகும். 0.10 நகர்வு உடனே பிடிபடும். குழி அடைத்தாலோ தேய்ந்தாலோ ரேஞ்ச் சார்ட் சொல்லும்.

நம் பரிந்துரை இரண்டாவது. இரண்டே சார்ட், இரண்டு தெளிவான வேலை. சராசரி சார்ட் அசைந்தால் சூடு, நேரம், காம்பவுண்டைப் பார்க்க வேண்டும். ரேஞ்ச் சார்ட் அசைந்தால் மோல்டைக் கழற்ற வேண்டும்.

நூற்பாலையிலும் இதே பாடம். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள், இடம் வலம் என்று இரண்டு பக்கம். டிரா ஃபிரேமில் இரண்டு டெலிவரி. இரண்டு டெலிவரியின் ஸ்லைவரையும் கலந்து ஒரு குழுவாக்கினால், ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் மெலிந்தாலும் சராசரி அசையாது. டெலிவரியை அடையாளக் கட்டமாக வைத்து, ஒவ்வொன்றையும் தனியே சார்ட் போடுங்கள். பொட்டல மிஷினில் இரண்டு தலை இருந்தாலும் அப்படியே. மிஷின், பக்கம், ஷிப்ட், மிக்ஸிங், மோல்டு எண் ஆகியவற்றைத் தேர்வுப் பட்டியலாக வையுங்கள். கையால் தட்டச்சு செய்யவிட்டால் ஒரே மிஷின் நாலு பெயரில் பதிவாகும்.

எந்த சார்ட்?

குழு அமைந்துவிட்டால் சார்ட் தானாக வந்து நிற்கும். குழுவில் ஒன்றே ஒன்று என்றால் ஐ–எம்.ஆர்.; மிக்ஸரிலிருந்து இறங்கும் ரப்பர் பேட்ச் ஒவ்வொன்றின் ரியோமீட்டர் எண்ணும் இந்த வகை. இரண்டு முதல் எட்டு ஒன்பது வரை என்றால் எக்ஸ்பார்–ஆர். அதற்கு மேலே போனால் எக்ஸ்பார்–எஸ். அளக்காமல் எண்ணிச் சொல்வதற்கு வேறு குடும்பம்: 200 பீஸில் எத்தனை கழிவு என்றால் என்.பி., பார்க்கும் பீஸின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறினால் பி., நூற்பாலையில் நூறு ஸ்பிண்டில் மணிக்கு எத்தனை அறுப்பு என்றால் யு. அளக்க முடிந்ததை எண்ணிக்கையாகச் சுருக்காதீர்கள். 'சரி, தப்பு' என்று பதிந்த நூறு பீஸைவிட, அளந்து பதிந்த ஐந்து பீஸ் அதிகம் பேசும்.

ஸ்பெக் வேறு, வரம்பு வேறு

ஸ்பெக் வாங்குகிறவர் சொல்வது. கட்டுப்பாட்டு வரம்பு நம் மிஷின் சொல்வது. இரண்டையும் ஒரே சார்ட்டில் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. சராசரி சார்ட்டில் அதை அணைத்து வையுங்கள். 40-ஆம் நம்பர் நூலில் ஐந்து லீக்கு ஒரு குழு, சராசரி ரேஞ்ச் 2.0 என்றால் சராசரிக்கான வரம்பு 38.85 முதல் 41.15. ஆனால் தனித்தனி லீ 37.4 முதல் 42.6 வரை பரவும். ஸ்பெக் பேசுவது தனி லீயைப் பற்றி. அந்தக் கோட்டைச் சராசரிப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வரைந்தால் நிலைமை உள்ளதைவிடப் பத்திரமாகத் தோன்றும்.

ஒருபக்க ஸ்பெக்கில் இன்னொரு பொறி உண்டு. ரப்பரில் 'கம்ப்ரெஷன் செட்' அதிகபட்சம் இவ்வளவு என்றுதான் இருக்கும், குறைந்தபட்சம் கிடையாது. கீழ் ஸ்பெக் கட்டத்தை வெறுமையாக விடத் தயங்கிச் சிலர் 0 போடுவார்கள். மென்பொருள் அதை உண்மையான ஸ்பெக் என்று எடுத்துக்கொள்ளும். பீஸ் நன்றாக அமைந்து எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிபிகே மோசமாகிக்கொண்டே போகும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். சில மென்பொருளில் "இது இயற்கை எல்லை" என்று குறிக்கத் தனி வசதி இருக்கும். இருந்தால் பூஜ்யத்தை அங்கே குறியுங்கள்.

அப்பளப் பாக்கெட்டிலும் ஸ்பெக் ஒருபக்கம்தான். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி 200 கிராம் பொட்டலத்துக்கு அனுமதிக்கும் பிழை 9 கிராம். ஆகவே கீழ் ஸ்பெக் 191. ஆனால் இதைப் பார்த்துக் குறி அளவை இறக்கக் கூடாது, ஏனெனில் மாதிரிகளின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்று விதி தனியாகக் கேட்கிறது. குறி அளவை 200-க்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மேல் ஸ்பெக்கை முதலாளியின் பை தீர்மானிக்கும்: பாக்கெட்டுக்கு 2 கிராம் கூடுதல் என்றால் பத்தாயிரம் பாக்கெட்டில் 20 கிலோ அப்பளம் இலவசமாகப் போகிறது.

வரம்பைப் பூட்டுவதா, ஓடவிடுவதா?

புதிய எண் வரவர வரம்பைத் திரும்பக் கணக்கிடு என்பது ஒரு தேர்வு. 20 முதல் 25 குழு சேர்ந்ததும் கணக்கிட்டு நிறுத்திவிடு என்பது இன்னொன்று. முதலாவது வசதியாகத் தோன்றும். ஆனால் மெல்ல மெல்ல நகரும் மிஷினோடு கோடும் சேர்ந்தே நகரும், மணி அடிக்கவே அடிக்காது. பூட்டுவதே சரி.

பூட்டியதை எப்போது திறப்பது? காரணம் எழுத முடிந்தால் மட்டும். மிக்ஸிங் மாறியது, மோல்டு மாறியது, புதிய பேரிங் போட்டது என்று நடந்ததை ஒரு வரி எழுதி, அந்த நாளிலிருந்து புதிய கட்டமாகத் தொடங்குங்கள். 'ஸ்டேஜ்' அல்லது 'ஃபேஸ்' என்ற பெயரில் இந்த வசதி பல மென்பொருளில் உண்டு. "புள்ளி வெளியே போகுது" என்பது திறக்கும் காரணம் ஆகாது.

கோடு போடும் சிக்மாவிலும் தேர்வு உண்டு. குழுவுக்குள் இருக்கும் ரேஞ்சிலிருந்து எடுப்பது ஒரு வகை. எல்லா எண்ணையும் ஒரே குவியலாக்கித் திட்ட விலக்கம் எடுப்பது இன்னொரு வகை. எக்செல்லில் தாமே சார்ட் போடுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்: எல்லாச் செல்களையும் இழுத்து விலக்கம் கண்டு மூன்றால் பெருக்கிவிடுவார்கள். பிடிக்க வேண்டிய நகர்வும் அந்த விலக்கத்துக்குள் புகுந்துவிடும், கோடு விரிந்துவிடும். வரம்புக்கு எப்போதும் குழுவுக்குள் இருக்கும் சிக்மாதான்.

எத்தனை விதி போடுவது?

1956-இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கையேடு நான்கு விதிகளைப் பரப்பியது. லாயிட் நெல்சன் 1984-இல் எட்டு விதிகளை அடுக்கினார். ஒரே பக்கத்தில் தொடர்ந்து நிற்கும் புள்ளிகளுக்கு முந்தையது எட்டு என்கிறது, பிந்தையது ஒன்பது என்கிறது. எல்லா விதியையும் டிக் செய்தால் பாதுகாப்பு என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது.

மிஷின் சரியாக ஓடும்போதே, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி என்ற முதல் விதி மட்டும் இருந்தால் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் மணி அடிக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் நான்கையும் சேர்த்தால் சுமார் 92 புள்ளிக்கு ஒன்று. 20 சார்ட், ஒவ்வொன்றிலும் நாளுக்கு 12 புள்ளி என்றால் மொத்தம் 240. முதல் விதி மட்டும் இருந்தால் மூன்று நாளைக்கு இரண்டு பொய் மணி. நான்கு விதியும் இருந்தால் நாளுக்கு இரண்டரை. எட்டையும் போட்டால் இன்னும் கூடும். 'புலி வருது, புலி வருது' என்று தினமும் கத்தினால், நிஜப் புலி வரும் அன்று மிஷின் பார்க்கும் சைடரும் ஃபிட்டரும் டீக்கடையில் இருப்பார்கள்.

ஆகவே தொடக்கத்தில் முதல் விதியும், ஒரே பக்கம் எட்டு அல்லது ஒன்பது புள்ளி என்ற விதியும் போதும். முதலாவது திடீர் உடைப்பைப் பிடிக்கும், இரண்டாவது மெல்ல வரும் நகர்வைப் பிடிக்கும். 15 புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டை ஒட்டி நின்றால் எச்சரிக்கும் விதியை எப்போதும் போட்டு வைக்க வேண்டாம். புதிய சார்ட்டை அமைத்த முதல் மாதம் மட்டும் போடுங்கள். நாம் மேலே பார்த்த எட்டுக் குழி மோல்டு போலக் குழுவைத் தவறாகக் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

சிபிகேயா, பிபிகேயா?

சிபிகே குழுவுக்குள் இருக்கும் சிதறலை வைத்துப் பேசுகிறது. பிபிகே மொத்தச் சிதறலை வைத்துப் பேசுகிறது. மிஷின் நிலையாக ஓடினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். சிபிகே 1.7, பிபிகே 1.1 என்று வந்தால், மிஷினுக்குத் திறமை உண்டு, ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு, பேட்சுக்குப் பேட்ச் நகர்கிறது என்று பொருள். வாகனத் துறையின் தொடக்க ஆய்வில் 1.67-க்கு மேல் என்றால் ஏற்பார்கள், 1.33-க்குக் கீழ் என்றால் ஏற்க மாட்டார்கள், இடைப்பட்டது பேச்சுவார்த்தைக்குரியது. வாங்குகிறவர் கேட்பது எது என்று தெரிந்துகொண்டு இரண்டையும் அச்சிட்டுக் கொடுங்கள்.

ஒரே எண்களை இரண்டு மென்பொருளில் போட்டால் சிபிகே கொஞ்சம் மாறி வருவது வழக்கம். ஒன்று ரேஞ்சிலிருந்து சிக்மா எடுக்கும், இன்னொன்று குழுக்களின் விலக்கங்களைத் திரட்டி எடுக்கும். மினிடாபில் திறன் ஆய்வுக்குப் பின்னதுதான் இயல்பாக அமைந்திருக்கும். வாங்குகிறவரோடு வாக்குவாதம் வரும் முன்பே முறையை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்.

ரகம் பல, மிஷின் ஒன்று

காலையில் 40-ஆம் நம்பர், மாலையில் 60-ஆம் நம்பர் என்று ஓடும் மிஷினில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனி சார்ட் போட்டால் எதிலும் 25 குழு சேராது. இதற்கு வழி, குறி அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்பதைப் பதிவது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை நினைத்துப் பாருங்கள். ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் மதுரையில் செய்துவரும் பொருள் அது. இவ்வகை லென்ஸின் பவர் அரை டயாப்டர் படியாக வரும், ஒவ்வொரு பவருக்கும் குறி அளவு வேறு. இப்படிப்பட்ட பொருளில் 'அளவு கழித்தல் குறி' என்ற ஒரே அளவை வைத்தால் எல்லா ரகமும் ஒரே சார்ட்டில் ஓடும்.

இதற்கு ஒரு நிபந்தனை: ரகங்களின் சிதறலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நூலில் கவுண்ட் கூடக்கூட சிதறலும் கவுண்ட்டில் கூடும். ஆகவே அங்கே விலகலைச் சதவீதமாகப் பதியுங்கள். லென்ஸிலும் கவனம் தேவை: பன்னாட்டுத் தர விதியில் 15 முதல் 25 டயாப்டர் வரை 0.4 என்று இருக்கும் சலுகை, அதற்கு மேலே போனால் கூடுகிறது. சார்ட் ஒன்றாக ஓடினாலும் ஸ்பெக்கை ரகவாரியாகத்தான் கொடுக்க வேண்டும்.

எந்த மென்பொருள்?

- எக்செல்: ஐந்தாறு அளவு, ஒரே ஆள் என்றால் போதும். சூத்திரச் செல்களைப் பூட்டி வையுங்கள். கைமாறினால் சிதையும்.
- ஆர் மொழியின் 'கியூ.சி.சி.' தொகுப்பு: இலவசம், கணக்கு நம்பகமானது. ஆனால் கட்டளை எழுதத் தெரிந்த ஒருவர் ஆலையில் இருக்க வேண்டும், அவர் வேலை மாறினால் சார்ட்டும் நிற்கும்.
- மினிடாப் போன்றவை: ஆய்வுக்கும் வாங்குகிறவருக்கான ரிப்போர்ட்டுக்கும் சிறந்தவை. உரிமக் கட்டணம் உண்டு. இயல்பாக முதல் விதி மட்டுமே போட்டிருக்கும், மற்றதை நாம் சேர்க்க வேண்டும்.
- தராசோடும் கேஜோடும் நேரே இணையும் தொழிற்கூட மென்பொருள்: நூறு சார்ட்டைத் தாண்டினால், மூன்று ஷிப்டும் ஓடினால் இது. கைப்பதிவுப் பிழை ஒழியும். ஆனால் நொடிக்கு நொடி எண் வந்து குவியும். அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று சார்ந்தே இருப்பதால் ஐ–எம்.ஆர். சார்ட்டில் பொய் மணி பெருகும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எடுப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள், கருவி சொல்ல வேண்டாம்.

மூன்று தொழிலுக்கு மூன்று அமைப்பு

*நூற்பாலை, ஒரே ரகம் ஓடும் மிஷின்:* பதிவு லீ எடை, மூன்று தசமம். கவுண்ட் கணக்கிட்ட அளவு. ஒரு மிஷினில் ஐந்து லீ ஒரு குழு. மிஷின், பக்கம், மிக்ஸிங் அடையாளக் கட்டங்கள். எக்ஸ்பார்–ஆர். 25 குழுவில் பூட்டு. மிக்ஸிங் மாறினால் புதிய கட்டம். இரண்டு விதி.

*ரப்பர் மோல்டிங்:* ஷாட் சராசரிக்கு ஐ–எம்.ஆர்., குழி ரேஞ்சுக்குத் தனி சார்ட். காம்பவுண்ட் பேட்ச் எண்ணும் மோல்டு எண்ணும் கட்டாயக் கட்டங்கள். ஒருபக்க ஸ்பெக்கில் மறுபக்கம் வெறுமை. சிபிகே, பிபிகே இரண்டும்.

*அப்பளப் பொட்டலம்:* மணிக்கு ஒரு முறை அடுத்தடுத்த ஐந்து பாக்கெட், உறை எடையைக் கழித்து. கீழ் ஸ்பெக் 191, குறி 200-க்குச் சற்று மேல். அப்பளத்தின் கனத்துக்குத் தனி சார்ட். உடைசலுக்கு என்.பி. எக்செல் போதும்.

அமைத்து முடித்த பிறகு முதல் மாதம் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் மூன்று பத்தி: எந்த விதி அடித்தது, யார் போனார், என்ன செய்தார். மாதக் கடைசியில் மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும் விதியை அணைத்துவிடுங்கள். மணியே அடிக்காமல் கழிவு வந்துகொண்டிருக்கும் சார்ட்டில் விதியைக் கூட்டாதீர்கள், சப்குரூப்பைப் பிரித்துப் பாருங்கள். இந்த இரண்டு திருத்தத்தையும் செய்யாமல் புதிய மென்பொருள் வாங்கினாலும், அதே படிவத்தை அதே மாதிரிதான் நிரப்புவீர்கள்.